புள்ளி போடும் வேலை

தமிழ்ப் பேராசிரியர் என்றால் வகுப்பில் பாடம் நடத்துகிறவர், மேடையில் பேசுகிறவர் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். என் பணிக்காலத்தின் பின்பாதியைத் தின்றது வேறொரு வேலை, அடுத்தவர் ஆய்வுக்கு மதிப்புப் போடுகிற வேலை. முனைவர் பட்ட ஆய்வேட்டைப் படித்து அறிக்கை அனுப்புவது, வாய்மொழித் தேர்வுக்குப் போவது, ஆய்விதழுக்கு வந்த கட்டுரையைப் போடலாமா வேண்டாமா என்று சொல்வது, பதவி உயர்வுக் குழுவில் துறை வல்லுநராக உட்காருவது எல்லாம் இதில் சேர்த்தி. கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே விசித்திரமானது.

குழு காலையில் கூடும். மேசைமேல் ஸ்பைரல் பைண்டிங் போட்ட கோப்புகள் அடுக்கியிருக்கும். கட்டுரையின் முதல் பக்கம், இதழின் அட்டை, ஐ.எஸ்.எஸ்.என். எண் தெரிகிற பக்கம் ஆகியவற்றின் நகல்கள் உள்ளே இருக்கும். கட்டுரை முழுதாக இருக்காது, யாரும் கேட்பதும் இல்லை. அலுவலகத்தில் ஒருவர் முன்கூட்டியே சரிபார்த்து ஓரத்தில் பென்சிலால் புள்ளி குறித்து வைத்திருப்பார். கூட்டல் சரியா என்று பார்த்து வல்லுநர் கையெழுத்துப் போட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். “சார், உங்க சப்ஜெக்ட்ல வேற ஏதாவது கேக்கணுமா?” என்று தலைவர் மரியாதைக்குக் கேட்பார். விண்ணப்பித்தவர் எதிரில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். அவருடைய கட்டுரையைப் படிக்காமல் அதைப் பற்றி என்ன கேட்பது?

2010இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த ஏ.பி.ஐ. என்ற கல்விச் செயல்திறன் குறியீட்டு முறையிலிருந்து இந்தப் புள்ளிக் கணக்கு தொடங்கியது. இடையில் திருத்தங்கள் வந்து, 2018 விதிகளில் ஓர் அட்டவணையாக நிலைபெற்றது. அதை மனப்பாடமாகச் சொல்ல வராத ஆசிரியர் எங்கள் தலைமுறையில் குறைவு. மொழி, கலைப் புலங்களில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 புள்ளி. ஒரு நூலுக்குப் பதிப்பகம் பன்னாட்டினது என்றால் 12, தேசிய அளவினது என்றால் 10. மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 5, வெளிநாடு போய் வாசித்தால் 7. நான்கு கிரெடிட் இணையவழிப் பாடம் ஒன்றை முழுமையாக உருவாக்கினால் 20.

பத்து வருஷம் சுவடிக்கும் அச்சுக்கும் இடையே அலைந்து எழுதிய நூலும், ஒரு வாரத்தில் எழுதிய எட்டுப் பக்கக் கட்டுரையும் இதன்படி ஒரே விலை. இரண்டு கருத்தரங்கம் போய்வந்தால் ஒரு நூல். கருத்தரங்கப் புள்ளிகளுக்கு மொத்தத்தில் முப்பது சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த வரம்புக்குள் ஒரு பொருளாதாரமே முளைத்துவிட்டது. மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒருவர் வந்து தொடக்கவுரை நிகழ்த்தினால் கருத்தரங்கம் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகிவிடும். கட்டணம் கட்டினால் கட்டுரை மலரில் வரும், மலருக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணும் உண்டு. மூன்று பக்கத்துக்கு மிகாமல் அனுப்புக என்ற சுற்றறிக்கைகள் எனக்கே வந்திருக்கின்றன. மூன்று பக்கத்தில் சங்க இலக்கியச் சூழலியல்!

இந்த அட்டவணையில் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. மூலபாடப் பதிப்புக்கு அதில் தனி வரிசை கிடையாது. அகராதிக்கும் கல்வெட்டு வாசிப்புக்கும் சொல்லடைவுக்கும் கிடையாது. தமிழியலின் அடித்தளமே இவைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் இணைப்புத் தொகுதியாகவும் வெளிவந்தது. நாங்கள் எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும் அதன் ஏதோ ஒரு பக்கம் இருக்கிறது, அடிக்குறிப்பில் பெயர் வராவிட்டாலும். அதில் உழைத்த புலவர்களின் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால், ‘பலர் சேர்ந்து செய்தது’ என்று புள்ளியைப் பிரித்திருப்போம். விதிப்படி, இருவருக்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கு எழுபது சதவீதம், மற்றவர்க்குத் தலைக்கு முப்பது.

இவ்வளவு சொல்கிறவன், புள்ளிக்கு முந்தைய காலம் பொற்காலம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அந்தக் காலத்தையும் பார்த்தவன் நான். அப்போது குழுவில் நடந்ததற்குப் பெயர் அறிவார்ந்த மதிப்பீடு. உண்மையில் யாருடைய மாணவர், எந்த ஊர், யார் சொல்லியனுப்பினார்கள் என்பதும், வாய்விட்டுச் சொல்லாத வேறு சில கேள்விகளும்தான் நடந்தன. நூலைப் புகழ்ந்து பேசுகிற வல்லுநர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். ஒருமுறை தேநீர் இடைவேளையில் இந்தப் புள்ளி முறையை நான் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்ற ஓர் இளம் பேராசிரியை, தன் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி மிதித்தவர், மெதுவாகச் சொன்னார்: “நீங்க சொல்றது சரிதாங்க ஐயா. ஆனா என்னை இவங்க படிக்கப்போறதில்லன்னு எனக்குத் தெரியும். எண்ணியாவது பாக்கட்டும்னு இருக்கு.” அதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. எண் வந்தது வெறும் அதிகாரிகளின் பிடிவாதத்தால் அல்ல. எங்கள் வாசிப்பின் நாணயத்தின்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லாமல் போனதும் காரணம்.

எண்ணுவது என்று முடிவானதும் எதை எண்ணலாம் என்ற கேள்வி எழுந்தது. அங்கிருந்து பட்டியல்களின் கதை ஆரம்பமாகிறது. 2017இல் யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் வந்தது, முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேல். தரமற்றவை என்று அடுத்த ஆண்டு மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கினார்கள். நீக்கப்பட்ட இதழில் முந்தைய மாதம் பணம் கட்டியவர்கள் துறை வாசலில் நின்றார்கள். 2019இல் அதற்கு மாற்றாக யு.ஜி.சி. கேர் பட்டியல் வந்தது. உடனே பட்டியலில் உள்ள இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் அப்படியே திருடி இணையதளம் தொடங்கிக் கட்டணம் வசூலித்த நகல் இதழ்கள் கிளம்பின. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று 2016 விதி சொன்னது. 2022இல்தான் அதை எடுத்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் அச்சான தமிழ் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் படிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

பட்டியலில் இடம்பெற இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். வேண்டும், ஒழுங்காக வெளிவர வேண்டும், வல்லுநர் குழு வேண்டும் என்று இருந்தது. எல்லாம் நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியபடி ந. வானமாமலை கொண்டுவந்த ‘ஆராய்ச்சி’ இதழை இந்த நிபந்தனைகளின்முன் வைத்துப் பாருங்கள். நாட்டார் வழக்காற்றியலிலும் சமூக வரலாற்றிலும் பின்னால் பெயர் பெற்ற பலர் அந்த இதழைச் சுற்றியிருந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்கே கட்டுரையை ஆளுக்கு ஆள் அடித்துத் திருத்தினார்கள் என்று அந்த வட்டத்தினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சக வல்லுநர் மதிப்பாய்வு என்று இப்போது சொல்கிறோமே, அதன் உண்மையான வடிவம் அதுதான். கோப்பில் வைக்கச் சான்றிதழ் மட்டும் தரமாட்டார்கள்.

சரி, படித்துத்தான் தரத்தை அறிய முடியும் என்றால் படிக்கிறவன் எதைப் பார்க்கிறான்? இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஏதோ தெய்வ வாக்கு மாதிரி ‘தரமான ஆய்வு’ என்று அறிக்கையில் எழுதிவிடுகிறோம். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் துணைநூற்பட்டியலுக்குப் போவேன். சங்க நூல்களுக்கு எந்தப் பதிப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்? மலிவுப் பதிப்பு என்பதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஒரே நூலுக்கு மூன்று பதிப்புகளைப் பட்டியலில் போட்டுவிட்டு, எந்த மேற்கோள் எதிலிருந்து என்று சொல்லாவிட்டால் சந்தேகம் வரும். அடுத்தது எண்கள். ‘புறநானூற்றின் 400 பாடல்களும் ஆராயப்பட்டுள்ளன’ என்று முன்னுரை சொன்னால் பென்சிலை எடுத்துவிடுவேன். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை, இன்னும் பல சிதைந்தவை. இல்லாத பாடல்களை எப்படி ஆராய்ந்தார்? பதிற்றுப்பத்திலும் அப்படித்தான், முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடையாது. அதேபோல, புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாடல்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் எண் பாடலுக்குப் ‘பழைய உரைகாரர் கூறுவதாவது’ என்று ஒருவர் எழுதினால், அவர் உரையையும் பார்க்கவில்லை, மூலத்தையும் பார்க்கவில்லை, வேறொரு ஆய்வேட்டைப் பார்த்திருக்கிறார் என்று பொருள். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் நெறியாளர்தான் முதலில் தண்ணீர் குடிப்பார்.

பாட்டின் அடியிலுள்ள திணை, துறை, பாடியவர் குறிப்புகளைப் புலவர் தாமே எழுதியதாக எடுத்துக்கொள்கிறாரா, தொகுத்தவர்கள் சேர்த்தது என்ற நினைவோடு கையாள்கிறாரா என்று அடுத்துப் பார்ப்பேன். பிறகு, தன் கருத்துக்கு எதிரான சான்று ஒன்றையாவது எங்காவது காட்டியிருக்கிறாரா என்று தேடுவேன். இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியாது. ஐந்து இயலிலும் எல்லாச் சான்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது வழக்கறிஞர் வேலை. ஓர் அடிக்குறிப்பில் ‘என் நெறியாளரின் கருத்து இதற்கு மாறானது’ என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அந்த ஏட்டை அதற்காகவே இரண்டாம் முறை படித்தேன். நெறியாளரும் அந்த வரியை அடிக்காமல் விட்டிருந்தார், அவருக்கும் மனதில் ஒரு வணக்கம் போட்டேன்.

களப்பணி ஆய்வென்றால் பின்னிணைப்பிலிருந்து தொடங்குவேன். ஒப்பாரிப் பாடல்கள் பற்றிய ஏடு ஒன்று வந்தது. கோட்பாட்டு இயல் இரவல், பகுப்பாய்வு சுமார். ஆனால் பின்னிணைப்பில் ஒவ்வொரு பாடலுக்கும் பாடியவர் பெயர், வயது, ஊர், பாடிய சூழல், அதே பாடலை வேறொருவர் பாடியபோது மாறிய வரிகள் எல்லாம் இருந்தன. எந்த இடத்தில் பாடகி அழுது நிறுத்திவிட்டார் என்பதுகூட இருந்தது. அந்தப் பாட்டிகள் போனபிறகு அப்படியொரு தொகுப்பை யாராலும் செய்ய முடியாது. தேர்வாளர் படிவத்தில் பின்னிணைப்புக்கு இடமே இல்லை. பட்டம் வழங்கலாம், திருத்திய பின் வழங்கலாம், நிராகரிக்கலாம் என்று மூன்று கட்டங்கள்தாம். பின்னிணைப்புதான் இந்த ஆய்வேடு, முன்னால் உள்ள இயல்களை அதற்கான முன்னுரையாகக் கொள்ளலாம் என்று தனித்தாளில் எழுதி இணைத்தேன். அந்த இயல்களை இப்போது யாரும் தேடுவதில்லை. பின்னிணைப்பின் ஜெராக்ஸ் பல கைகளில் இருக்கிறது.

தரத்தை இப்படி ஓரளவு சொல்லிவிடலாம். தாக்கம்தான் சிக்கல்.

இதழ்களின் தாக்கக் காரணியைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோளாயின என்பதே அதன் சாரம். வேதியியலில் இரண்டு வருஷம் நீண்ட காலம். தமிழில் இரண்டு வருஷம் என்பது நூல் அச்சாகி நூலகத்துக்கு வந்துசேர ஆகிற காலம். கார்ஃபீல்டின் நிறுவனமே 1978இல் கலை, மானுடப் புலங்களுக்குத் தனி மேற்கோள் அட்டவணை தொடங்கியபோது, அதிலுள்ள இதழ்களுக்குத் தாக்கக் காரணி கணக்கிட்டுத் தரவில்லை. 2023இல்தான் அவற்றுக்கும் தரத் தொடங்கினார்கள். அவர்கள் தயங்கி நின்ற காலத்திலேயே நம் ஊர்ப் படிவங்களில் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற கட்டம் எல்லாத் துறைக்கும் பொதுவாக வந்துவிட்டது. காசுக்குத் தாக்கக் காரணி விற்கும் கம்பெனிகளும் கூடவே வந்தன. தமிழ்க் கட்டுரைக்கு 6.2 என்று போட்டுக்கொண்டு வந்தவரிடம் இது யார் கணக்கிட்டது என்று கேட்டேன். “இதழ்க்காரங்களே போட்டுத் தந்தாங்க சார்” என்றார், ஒளிவுமறைவில்லாமல்.

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் குழு வருகிறபோது இன்னொரு சங்கடம். பல்கலைக்கழகத்தின் மேற்கோள் சராசரியையும் ஹெச் குறியீட்டையும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்களிலிருந்து எடுப்பார்கள். ஹெச் குறியீடு என்பது மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு ஆய்வாளரை அளக்க ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்னது. வேதியியல் துறை பல்கலைக்கழகத்தையே தோளில் தூக்கிக்கொண்டு ஓடும். தமிழ்த் துறை வரிசையில் பூஜ்யம் நிற்கும். “உங்க டிபார்ட்மெண்ட்ல யாரும் எதுவும் எழுதறதில்லையா?” என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். எங்கள் துறையினர் எழுதிய நூல்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. அந்தத் தரவுத்தளங்களுக்கு அந்தப் பீரோவின் சாவி இல்லை.

சாவி கொடுத்தாலும் எந்திரம் தடுமாறும். உ.வே.சா., உ.வே. சாமிநாதையர், உ.வே. சாமிநாத ஐயர், டாக்டர் ஐயரவர்கள் எல்லாம் ஒருவரே என்று அதற்குத் தெரியாது. தலைப்பெழுத்து முன்னால் வரும் நம் பெயர்களைக் குடும்பப் பெயர் தேடித் திருப்பிப் போட்டு, அப்பாவின் பெயரில் மகனுடைய ஆய்வை ஏற்றிவிடும். அடிக்குறிப்பில் ‘மேலது’ என்று போடுவோமே, அது எதைக் குறிக்கிறது என்று அந்த எந்திரம் எங்கே போய்க் கேட்கும்? ஒப்புமை காட்டும் மென்பொருளும் அப்படித்தான். 2019க்குப் பிறகு பல்கலைக்கழகங்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. மேற்கோளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தும், பாடல்களை முழுதாக எடுத்துக்காட்டிய நேர்மையான ஏட்டுக்கு நாற்பது சதவீதம் காட்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான ஏட்டிலிருந்து வரிவரியாக எடுத்தவருக்குச் சுழியம் காட்டும். யூனிகோடு அல்லாததால் அந்தப் பழைய ஏடு எந்திரத்தின் கண்ணுக்குப் பொருளற்ற எழுத்துக்குவியல்.

உண்மையான தாக்கம் எங்கே தெரிகிறது என்று கேட்டால், தொ. பரமசிவனைச் சொல்வேன். ‘அழகர் கோயில்’ என்ற அவருடைய ஆய்வேட்டை 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. கோயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள சாதிகளுக்கும் சடங்குகளுக்கும் உள்ள உறவை அதில் விரித்தார். பிறகு ‘அறியப்படாத தமிழகம்’ போன்ற சிறு நூல்களில் உப்பு, எண்ணெய், தாலி என்று இரண்டு பக்கம், மூன்று பக்கத்தில் எழுதினார். இன்று சித்திரைத் திருவிழா பற்றிப் பத்திரிகையில் வரும் எந்தக் கட்டுரையிலும் அவர் வாசம் அடிக்கும், பெயர் பெரும்பாலும் இருக்காது. மேடைப் பேச்சாளர்களும் நாவலாசிரியர்களும் எடுத்தாண்டு, ஊரார் வாயில் சாதாரணப் பேச்சாகவே ஆகிப்போன கருத்துக்கு மேற்கோள் எண்ணிக்கை எப்படி வரும்? ஐராவதம் மகாதேவனுக்கோ பல்கலைக்கழக வேலையே கிடையாது. ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு தினமணி ஆசிரியர். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளில் அவருடைய நாற்பதாண்டு உழைப்பு 2003இல் ஒரே நூலாக வந்தது. அதை விலக்கிவிட்டு அந்தத் துறையில் இன்று யாரும் வாய் திறக்க முடியாது. எங்கள் அட்டவணைப்படி 12 புள்ளி.

பிரிட்டனில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். 2014இல் நடந்த அவர்களுடைய தேசிய ஆய்வு மதிப்பீட்டில் சமூகத் தாக்கத்துக்கு இருபது சதவீதம் ஒதுக்கினார்கள், 2021இல் அதை இருபத்தைந்தாக்கினார்கள். எண் கேட்பதோடு நிற்காமல், இந்த ஆய்வால் வெளியில் யாருக்கு என்ன மாறியது என்று சான்றுகளோடு சில பக்கங்களில் கதையாக எழுதச் சொல்கிறார்கள். ஆய்வு நடந்தது ஏறக்குறைய இருபது ஆண்டுக்குள் இருக்கலாம். நூல்களைக் குழுவினர் படித்தே தரம் போடுகிறார்கள், இதழின் தாக்கக் காரணியைப் பார்ப்பதில்லை. அங்கேயும் கதை எழுதித்தர ஆள் வைக்கிறார்கள், பேராசிரியர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனாலும் படிப்பதை ஒரு வேலையாக மதித்து அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். இங்கே அதே ஏற்பாடு வந்தால் கதைகள் எப்படியிருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ‘என் நூலை வெளியிட்டவர் மாண்புமிகு அமைச்சர்’ என்று தொடங்கும்.

என் ஏற்பாடு எளிது. மதிப்பிடுகிறவர் என்ன படித்தார், எதைப் பார்த்து அப்படி முடிவு செய்தார் என்று நான்கு பக்கம் எழுதட்டும். ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றுகிறோமே, அந்த அறிக்கையையும் தேர்வாளர் பெயரோடு கூடவே ஏற்றட்டும். 267ஆம் பாடலை ஆராய்ந்த ஏட்டுக்கு ‘மிகச் சிறப்பு’ என்று எழுதியவர் யார் என்று ஊர் பார்க்கட்டும். அந்த இளம் பேராசிரியைக்கும் இதுவே என் பதில். அவரை எண்ணினால் போதாது, படிக்கவும் வேண்டும். படித்ததற்கான தடயம் அவர் கையில் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கே எடுத்துப்போக.

2025 பிப்ரவரியில் கேர் பட்டியலை யு.ஜி.சி. கைவிட்டது. இதழ்களை அந்தந்த நிறுவனமே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்று அளவுகோல்கள் சிலவற்றைப் பரிந்துரைத்தது. இதற்காகக் கல்லூரி ஒன்று அமைத்த குழுவில் என்னையும் வெளி உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். இனி படிக்கலாம் என்ற உற்சாகத்தோடு போனேன். துறைக்கு இருவர் வீதம் கட்டுரைகளை முழுதாகப் படித்து அறிக்கை எழுதட்டும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நேரம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார், உண்மையான கேள்விதான். யார் யாரைப் படிப்பது, அதில் மனஸ்தாபம் வராதா என்றார் இன்னொருவர். கடைசியில், பழைய கேர் பட்டியலின் பி.டி.எஃப். ஒரு உதவிப் பேராசிரியரின் செல்போனில் இருப்பது தெரியவந்தது. மறு உத்தரவு வரும்வரை அதையே பின்பற்றலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். என் மாற்றுக் கருத்தை ஒரு பத்தியில் எழுதி, தீர்மானத்தின் கீழே கையெழுத்திட்டேன். அந்தப் பத்தியைத் தட்டச்சில் சேர்க்கலாமா என்று எழுத்தர் முதல்வரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.